மருந்தாய்வாளர் சுப்பாராவ்

நோய்கள் பலவகையின. காற்றாலும் நீராலும் உணவாலும் புறத்தேயிருந்து உடலுள் நுழையும் கிருமிகளால் விளைவன பல. கிருமி வேறு, உடல் வேறு ஆதலின், அதனை இனங்கண்டு அழித்தல் ஓரளவு எளிது. புற்றுநோயோ அத்தகையதன்று. உடலின் உயிரணுக்களே தமக்குரிய வரம்பைக் கடந்து பெருகுவதால் விளைவது அது. கறையான் புற்று நாளும் ஓங்குதல் போல ஓங்கி வளர்தலின், அதற்குப் புற்று என்னும் பெயர் அமைந்தது போலும். வீட்டினுள்ளே பிறந்த பகையை, வீட்டிற்கு ஊறு நேராமல் அழிப்பது எங்ஙனம்? 1940ஆம் ஆண்டு வரை மருத்துவர் பெரிதும் நம்பியிருந்த வழிகள் இரண்டே. ஒன்று, கட்டியைக் கத்தியால் அறுத்தல். மற்றொன்று, கதிர்களால் சுடுதல். குருதியில் தோன்றும் புற்றுக்கு இவ்விரண்டும் உதவவில்லை. குருதி உடலெங்கும் ஓடுவது. அதனை எங்கே அறுப்பது? எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் முதிராமலே அளவின்றிப் பெருகும் அந்நோய் பற்றிய குழந்தைகள் சில வாரங்களிலோ சில திங்களிலோ இறந்தனர். பெற்றோர்க்கு ஆறுதல் கூறுவதன்றி மருத்துவர் செய்யத்தக்கது வேறொன்றும் இருக்கவில்லை.

இந்நோய்க்கு முதன்முதல் பயன் தந்த மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்தியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவர். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் எளியது. இளமையில் அவருக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்பர். தாயார் அவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். தந்தையார் இறந்த பின்னர்த் தாயார் தம் நகைகளை விற்று மகனைப் படிப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் இருமுறை தவறினார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். அப்பொழுது அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தைச் சேர விரும்பினார், தாயார் இசையவில்லை. துறவு கைகூடாமற் போகவே, மருத்துவக் கல்லூரியை அடைந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். அறுவை மருத்துவம் பயிலும் மாணவர் அணியும் மேலங்கியைச் சுப்பாராவ் கதர்த் துணியில் தைத்து அணிந்தார். ஆங்கிலேயராகிய பேராசிரியர்க்கு அது பிடிக்கவில்லை. தேர்வுத் தாள்களை நன்கு எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியும் கிட்டவில்லை. பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இக்காலத்து நேர்ந்த துன்பம் ஒன்று அவர் வாழ்வின் திசையையே முடிவு செய்தது எனலாம். வெப்ப நாடுகளில் 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய் ஒன்று உண்டு. இந்நோய் பற்றியவர்க்கு உண்ட உணவு உடலில் ஒட்டாது, வயிறு ஓயாது போகும், நாக்குப் புண்ணாகும், குருதி வெளிறும், உடல் இளைத்து எலும்புக்கூடாகும். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் இந்நோயால் இறந்தனர். அவரையும் அது பற்றியது. மேனாட்டு மருத்துவம் கற்ற அவரைக் காத்தது ஆயுர்வேத மருந்து. ஆசண்ட லட்சுமிபதி என்னும் மருத்துவர் அம்மருந்தைக் கொடுத்தார். பிழைத்தெழுந்த சுப்பாராவுக்கு ஒரு வினா எஞ்சி நின்றது. மருந்து நோயைத் தீர்க்கிறது. ஆனால் அம்மருந்தினுள் இருந்து அதனைத் தீர்ப்பது எது? அதனைப் பிரித்தெடுத்துக் கையில் ஏந்திக் காண முடியுமா?

இவ்வினாவுக்கு விடை தேடி அவர் அமெரிக்கா செல்லத் துணிந்தார். மாமனாரும் காக்கிநாடாவைச் சார்ந்த அறநிலையம் ஒன்றும் பொருளுதவி செய்ய, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் பயின்றார். மருத்துவப் பட்டம் பெற்றவராயினும் அந்நாட்டில் மருத்துவம் செய்ய உரிமை இல்லை. ஆகவே, மருத்துவமனை ஒன்றில் நோயாளரின் கழிகலங்களைக் கழுவும் இரவுப் பணியாளராக வேலை செய்து வயிறு வளர்த்தார். மூன்றாண்டுகளில் திரும்புவதாக மனைவியாரிடம் கூறிச் சென்றவர், இறுதிவரை திரும்பவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவு குழவிப் பருவத்திலேயே இறந்தது. அவருடைய அறிவை வியப்பவர், ஊரிலிருந்து வழி பார்த்திருந்த அவ்வம்மையாரையும் நினைத்தல் வேண்டும். பெருஞ்செயல் செய்தாரின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை மறைத்து எழுதுதல் உண்மைக்குப் பொருந்தாது.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியலறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் இடம் பெற்றார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரத்தை அளக்க எளிய முறை ஒன்றை இருவரும் வகுத்து 1925இல் வெளியிட்டனர். ஆய்வுக்குரிய நீரில் சில பொருள்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நீலம் எவ்வளவு ஆழ்ந்ததோ அவ்வளவு பாஸ்பரம் மிகுதி. 'ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை' என்று இது வேதியியல் நூல்களில் வழங்குகிறது. இம்முறையைக் கையாண்டு, தசை இயங்குதற்கு உதவும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இலும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இலும் அவ்விருவரும் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டார். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி வாய்க்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். ஈராண்டுகளுக்குள் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

இதுவரை அவர் தம் கையால் ஆய்ந்தவர். இனி அவர் செய்த பணி வேறு வகைப்பட்டது. எந்த வினாவை எடுப்பது, அதனை எவரிடம் ஒப்படைப்பது, எத்தனை வழிகளில் ஒருங்கே முயல்வது, எப்பொழுது ஒரு வழியைக் கைவிடுவது என்று முடிவு செய்வதே ஆராய்ச்சி இயக்குநரின் தொழில். நெற்பயிரை நட்டவன் கண்ணுக்குத் தெரிவான். மடை திறந்து, எவ்வயலுக்கு எப்பொழுது நீர் என்று முறை வைப்பவன் தெரியான். ஊர் விளைவது இருவராலும் ஆம்.

சுப்பாராவ் முதலில் எடுத்துக்கொண்டது ஈரல் பற்றிய வினா. சிலவகைக் குருதிச்சோகைக்கு ஈரலை உண்பித்தல் நன்மருந்து என்று பாஸ்டன் மருத்துவர்களாகிய மைனாட்டும் மர்பியும் 1926இல் காட்டியிருந்தனர். ஈரலில் உள்ள அந்தப் பொருள் யாது? இஃது ஆயுர்வேத மருந்தை உண்டு பிழைத்த நாளில் அவர் கேட்ட வினாவேயன்றோ! லெடர்லியில் ஒரு குழுவினர் பேரளவு ஈரலை வடித்துச் சாறெடுத்தனர். மற்றொரு குழுவினர், குறித்த பொருள் இல்லாவிடின் வளராத ஒருவகை நுண்ணுயிரை அச்சாற்றில் வளர்த்துப் பார்த்தனர். நுண்ணுயிர் தழைத்தால் பொருள் உண்டு, தழையாவிடின் இல்லை. ஸ்டோக்ஸ்டட் என்பவர் ஈரலிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். வேதியியலார் அப்படிகத்தைக் கூறு கூறாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டு, பின் அக்கூறுகளை இணைத்து அப்பொருளைச் செயற்கையாகவே ஆக்கினர். அதுவே ஃபோலிக் அமிலம். ஃபோலியம் என்பது இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல். கீரையிலும் இப்பொருள் உள்ளதை 1941இல் டெக்சாஸ் அறிஞர்கள் கண்டு இப்பெயரிட்டிருந்தனர்.

ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிய செய்தியை அறிவித்த கட்டுரையில் ஆசிரியர் பதினாறு பேர். இயக்குநரின் பெயரை அதில் தேடுவார் முதலிலும் காணார், முடிவிலும் காணார். ஆங்கில அகரவரிசைப்படி ஏழாம் இடத்தில், ஸ்டோக்ஸ்டட்டுக்கு அடுத்தபடியாக அது நிற்கிறது. தம் கீழ்ப் பணிபுரிவார் கண்டதைத் தம் பெயரால் வெளியிடும் தலைவர் எந்நாட்டிலும் உண்டு. சுப்பாராவ் அவ்வினத்தவர் அல்லர்.

ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோயாளர்க்கு நற்பயன் அளித்தது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து அவர் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. எனினும் அவர் தேடிய முழு விடை அதுவன்று. நரம்பையும் தாக்கும் கொடிய குருதிச்சோகை ஒன்றைத் தீர்ப்பது, ஈரலிலுள்ள வேறொரு பொருள். பி-12 எனப்படும் அவ்வூட்டச்சத்தை 1948இல் பிரித்தெடுத்தவர்கள் வேறு ஆய்வுக்கூடத்தார். அப்போட்டியில் சுப்பாராவ் வெல்லவில்லை. ஆனால், வழியில் கைக்கு அகப்பட்ட ஃபோலிக் அமிலம் அவரை எதிர்பாராத வேறோர் இடத்திற்கு இட்டுச் சென்றது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். அவர் நோய்க்குறியியல் அறிஞர்; இறந்த குழந்தைகளின் உடலை ஆய்ந்து நோயின் தன்மையைக் காண்பது அவர் தொழில். குருதிப் புற்றால் இறந்த குழந்தைகளை ஆய்ந்து ஆய்ந்து, உயிரோடிருக்கும் குழந்தைக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு மிகுந்தது. ஃபோலிக் அமிலத்தோடு உறவுடைய பொருளொன்று எலிகளின் புற்றைக் குறைத்தது என்று நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி வெளிவந்திருந்தது. குருதி ஆக்கத்திற்கு உதவும் பொருள், குருதியின் நோயையும் சீர்ப்படுத்தலாம் அன்றோ? ஃபார்பர் லெடர்லியை நாடினார். சுப்பாராவ் அப்பொருள்களை அனுப்பினார்.

விளைவு நேர்மாறாயிற்று. மருந்து பெற்ற குழந்தைகளின் எலும்பு மச்சையில் நோயணுக்கள் முன்னினும் விரைந்து பெருகின. நோயைத் தணிக்க ஊற்றிய நீர் எரியும் தீக்கு நெய்யாயிற்று. நன்மை கருதிக் கொடுத்த மருந்தால் தீமை விளைந்தது என்பதை ஃபார்பர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அடுத்த அடி பிறந்திராது. ஃபோலிக் அமிலத்தால் நோயணு விரைந்து வளருமாயின், அவ்வணுவிற்கு அது இன்றியமையாத உணவு என்பது பெறப்படும். அங்ஙனமாயின், அவ்வுணவு அதற்குக் கிட்டாமற் செய்தால் என்ன?

உணவைத் தடுப்பது எங்ஙனம்? உடலிலிருந்து ஃபோலிக் அமிலத்தை முற்றும் நீக்குதல் இயலாது. ஆனால், தோற்றத்தால் ஃபோலிக் அமிலத்தை ஒத்து, செயலால் மாறுபட்ட போலிப் பொருள் ஒன்றைக் கொடுத்தால், உயிரணு அதனை மெய்யென ஏற்று ஏமாறும். பூட்டினுள் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் சாவி உள்ளிருக்க, மெய்ச்சாவிக்கு இடமில்லாமற் போவது போன்றது இது. தமிழிலக்கணம் கற்றோர்க்குப் போலி புதிதன்று. அறம் என்பது அறன் என நிற்கும். ஓரெழுத்து மாறினும் பொருள் மாறாது. வேதியியலிலோ ஓரிடத்து அணுக்கள் மாறினால் பொருளே தலைகீழாகிவிடும். ஃபோலிக் அமிலத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து நின்ற ஓரிடத்தில், நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கூட்டம் ஒன்றை லெடர்லி வேதியியலார் வைத்தனர். வளர்ப்பது தடுப்பதாயிற்று. அமினாப்டெரின் என்று அதற்குப் பெயர்.

இவ்விடத்தில்தான் ஆய்வு நடத்தும் முறையின் அருமை விளங்கும். ஃபார்பர் கேட்டதும் ஒரே நாளில் கிடைத்ததன்று அமினாப்டெரின். சுப்பாராவின் வேதியியலார் ஃபோலிக் அமிலத்தை ஆக்க அறிந்திருந்தமையால், அதனைச் சிறிது சிறிது மாற்றிப் பல போலிகளையும் ஆக்க முடிந்தது. சில வலிவற்றவையாயின. முதலில் அனுப்பப்பட்டவை சிறு பயனே தந்தன. அவற்றைவிட வலியவை பின்னர் வந்தன. மருத்துவமனையில் கண்டது ஆய்வுக்கூடத்திற்குச் சென்றது. ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது மருத்துவமனைக்கு வந்தது. இலாபம் ஈட்டுவதற்கென்று அமைந்த ஒரு நிறுவனத்தில், மிகச் சிலரையே பற்றும் நோய் ஒன்றன்பொருட்டு வேதியியலாரின் உழைப்பைச் செலவிட இயக்குநர் இசைந்தார் என்பது சிறு செய்தியன்று.

1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அமினாப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். பதினாறு குழந்தைகள் அதனைப் பெற்றனர். பதின்மர்க்கு நோய் தணிந்தது. வீங்கிய மண்ணீரலும் ஈரலும் சுருங்கின. குருதியில் நோயணுக்கள் குறைந்தன. நடக்க மாட்டாதிருந்த குழந்தை எழுந்து விளையாடிற்று. மருந்து நஞ்சுமாயிற்று, வாயில் புண் தோன்றியது, நல்ல அணுக்களும் நலிந்தன. நோய் நீங்கிவிடவும் இல்லை. சில திங்களில் மீண்டு வந்தது. 1948 ஜூனில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' ஃபார்பரும் அவர் துணைவரும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிகத் தணிவு' என்று குறித்தனர். மருத்துவருட் பலர் நம்பவில்லை. இறக்கப் போகும் குழந்தையை மேலும் வருத்துவது ஏன் என்று கேட்டாரும் உளர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், மருந்தென ஒன்று குருதிப் புற்றை ஒரு நாளேனும் பின்வாங்கச் செய்யும் என்பது அதுவரை எவரும் நம்பாத செய்தி.

அக்காலத்து லெடர்லியில் நடந்தது இஃதொன்றே அன்று. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து கிருமிக்கொல்லி தேடும் பணியைச் சுப்பாராவ் தொடங்கியிருந்தார். அதற்கு அவர் அமர்த்திக்கொண்டவர் எழுபது வயதைக் கடந்து, பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரநோய் அறிஞர். முதியவர் எனப் பிறர் ஒதுக்கியவரைத் தேர்ந்துகொண்ட துணிவு வீண்போகவில்லை. மிசௌரி மாநிலத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர், பொன்னிறமான ஆரியோமைசின் என்னும் மருந்தைத் தந்தது. இன்று பெருவழக்கிலுள்ள டெட்ராசைக்கிளின் மருந்துகளுக்கு மூத்தது அதுவே. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ராசான் என்னும் மருந்தும் 1947இல் அவ்வாய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. டி.இ.சி. என்னும் பெயரால் நம் நாட்டில் ஊர்தோறும் கோடிக்கணக்கானோர்க்கு வழங்கப்பெற்ற மாத்திரை இதுவேயாகும். அதனை விழுங்கியவர்களுள் சுப்பாராவின் பெயரைக் கேட்டிருந்தவர் எத்தனை பேர்?

1948 ஆகஸ்டில் ஒருநாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் எழவில்லை. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரு திங்களே கழிந்திருந்தன. ஆரியோமைசின் அறிவிக்கப்பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அமெரிக்கக் குடியுரிமையை அவர் இறுதிவரை பெறவில்லை. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

அமினாப்டெரினின் இடத்தை, அதே ஆய்வுக்கூடத்தார் ஆக்கிய அதன் உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து பின்னர்ப் பெற்றது. அதன் நஞ்சை அளந்து கையாளுதல் சற்று எளிது. 1956இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிலையத்தில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்னும் இருவர், கருவுறுதலோடு தொடர்பாக மகளிர்க்கு வரும் புற்று ஒன்றை அம்மருந்தால் முற்றும் நீக்கிக் காட்டினர். உடலெங்கும் பரவிய புற்று மருந்தினாலேயே நீங்கியது என்பதற்கு அஃது ஒரு பெருஞ்சான்றாயிற்று. குழந்தைகளின் குருதிப் புற்றுக்கோ ஒரு மருந்து போதவில்லை. மெத்தோட்ரெக்சேட்டோடு வேறு பல மருந்துகளையும் முறையாகச் சேர்த்துக் கொடுக்க அறிஞர் படிப்படியாகக் கற்றனர். இன்று நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில், அந்நோயின் மிகுதியாகக் காணப்படும் வகை பற்றிய குழந்தைகளுட் பத்தில் ஒன்பதின்மர் அளவில் பிழைக்கின்றனர். மருத்துவமனையில் கடுமையான பகுதி முடிந்து வீடு திரும்பிய பின்னரும் மருத்துவம் ஈராண்டு அளவும் தொடரும். அக்காலத்தில் குழந்தை பள்ளிக்குச் சென்று வரும். வாரத்திற்கு ஒரு நாள், இரவு உணவின்போதோ உறங்கப் போகும்போதோ, தாய் எண்ணிக் கொடுக்கும் சிறிய மஞ்சள் மாத்திரைகளை விழுங்கும். அவை மெத்தோட்ரெக்சேட் மாத்திரைகள்.